எந்த லைப்ரரி எதற்கு? கொங்குப் பக்கம் புரோகிராம் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்தில் மில், பனியன் கம்பெனி, மஞ்சள் மண்டி, ஃபவுண்டரி போன்ற இடங்களுக்குச் சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். கல்லூரி முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்த தம்பி தங்கைகளும் உண்டு. அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டே பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றவர்களும் உண்டு. அவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்து வைத்திருக்கிறேன். முடிவை ஒட்டி வரும் ஜாவாஸ்கிரிப்ட் கேள்வி தவிர எல்லாம் பைத்தானைப் பற்றியவை.

மாடியூல், பேக்கேஜ், லைப்ரரின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானுங்களா?

ஏறக்குறைய. ஒரு பைத்தான் கோப்பு ஒரு மாடியூல். பல மாடியூல்களைச் சேர்த்துக் கட்டினால் பேக்கேஜ். அடுத்தவர் எழுதியதை நாம் எடுத்துப் பயன்படுத்தும்போது பொதுவாக லைப்ரரி என்கிறோம். தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்றுதான்: பைத்தானோடு கூடவே வருவது ஸ்டாண்டர்ட் லைப்ரரி, மற்றவை பைத்தான் லைப்ரரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பைபிஐ தளத்திலிருந்து பிப் என்ற நிறுவும் கருவி கொண்டு இறக்க வேண்டியவை.

எடுத்ததும் எதைக் கத்துக்கணுங்ணா? வீடியோவுல ஐம்பது லைப்ரரி சொல்றாங்க, தலை சுத்துது.

அந்தப் பட்டியல்கள் வேறு யாருடைய வேலைக்கோ போட்டவை. நம் பக்கத்து வேலை பெரும்பாலும் எக்செல், பில், தராசு, பிரின்டர், தமிழ்ப் பெயர்கள் ஆகியவற்றைச் சுற்றியே வருகிறது. அதற்கு முதலில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உள்ள ஏழெட்டைக் கையில் பிடியுங்கள்: கோப்புப் பாதைகளுக்குப் பாத்லிப், தேதிக்கு டேட்டைம், பணத்துக்கு டெசிமல், பட்டியலுக்கு சிஎஸ்வி, தமிழுக்கு யூனிகோட்டேட்டா, என்ன நடந்தது என்று எழுதி வைக்க லாகிங், தரவைச் சேமிக்க எஸ்கியூலைட்3.

கடைசியாகச் சொன்ன எஸ்கியூலைட்டைப் பலரும் விளையாட்டுப் பொருளாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு மஞ்சள் மண்டியில் விரலி, கிழங்கு என்று பிரித்து எத்தனை மூட்டை வந்தது, யாருக்கு எவ்வளவு பட்டுவாடா என்று பதிவதற்கு அது தாராளமாகப் போதும். தனியாக சர்வர் வேண்டாம். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருப்பதால் பேக்கப் எடுப்பது எளிது. புரோகிராமை மூடிவிட்டு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

இவை பழகியபின் வெளியிலிருந்து ஆறு: எக்செல்லுக்கு ஓப்பன்பைஎக்செல், பாண்டாஸ், இணையத்திலிருந்து தரவு எடுக்க ரிக்வெஸ்ட்ஸ், எண்ணையும் தேதியையும் நம் வழக்கப்படி காட்டப் பேபல், பெயர்களை ஒப்பிட ரேபிட்ஃபஸ், தமிழ் எழுத்துக்கு ஓப்பன்-தமிழ். மற்றதெல்லாம் வேலை வரும்போது தேடிக்கொள்ளலாம்.

எக்செல்லுக்குப் பாண்டாஸா, ஓப்பன்பைஎக்செல்லா?

கூட்டிக் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் பாண்டாஸ். வெஸ் மெக்கின்னி 2008-இல் நிதிக் கணக்குகளுக்காகத் தொடங்கியது அது. லட்சம் வரி இருந்தாலும் சளைக்காது. கட்டம், கலர், தலைப்பு எதுவும் கலையாமல் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் எழுத வேண்டுமென்றால் ஓப்பன்பைஎக்செல். புதிய எக்செல் கோப்பைப் படிக்கப் பாண்டாஸே உள்ளுக்குள் ஓப்பன்பைஎக்செல்லைத்தான் கூப்பிடுகிறது. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புக்கு எக்ஸ்எல்ஆர்டி வேண்டும். 2020 டிசம்பரில் வந்த அதன் 2.0 பதிப்பிலிருந்து அது பழைய வகையை மட்டுமே படிக்கும். பழைய வலைக்குறிப்புகளைப் பார்த்துப் புதிய கோப்புக்கும் அதையே போடுபவர்கள் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

திருப்பூரில் பையர் அனுப்பும் ஆர்டர் ஷீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டைல் நம்பர் ஒரே கட்டமாக நாலைந்து வரிக்கு மெர்ஜ் செய்யப்பட்டிருக்கும். பக்கத்தில் கலர், அதற்குப் பக்கத்தில் சைஸ் வாரியாக எண்ணிக்கை. படிக்கும்போது மேல் கட்டத்தில் மட்டும் ஸ்டைல் நம்பர் இருக்கும், கீழே எல்லாம் வெறுமை. பாண்டாஸில் எஃப்ஃபில் போட்டால் மேலே உள்ளது கீழ் வரிகளுக்கும் இறங்கும். 00123 போன்ற ஸ்டைல் நம்பர் 123 ஆகச் சுருங்காமல் இருக்க, அந்தப் பத்தியை எழுத்துச்சரமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஓப்பன்பைஎக்செல் ஃபார்முலாவைக் கணக்கிடாது. இயல்பாக ஃபார்முலாவையே எழுத்தாகத் தரும்; டேட்டா-ஒன்லி என்று கேட்டால் எக்செல் கடைசியாகக் கணக்கிட்டு வைத்த விடையை எடுத்துத் தரும். அடுத்து, வரைந்து வைத்த ஷேப்கள் உள்ள கோப்பை அதில் திறந்து சேமித்தால் அவை போய்விடும். பையர் அனுப்பிய மூலக் கோப்பின் மேலேயே ஒருபோதும் சேமிக்காதீர்கள்.

மூணாம் தேதி ஏப்ரல்னு இருக்கறது மார்ச் நாலுன்னு வருதுங்க. ஏனுங்க?

03/04/2024 என்பதைப் பாண்டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலாக எடுத்துக்கொள்கிறது. 25/04/2024 வந்தால் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் பழைய பதிப்புகள் தாமாகவே நாள் முதலாக மாற்றிப் படித்துவிடும். ஆக, ஒரே பத்தியில் பாதி சரி, பாதி தப்பு. இதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். 2023-இல் வந்த 2.0 பதிப்பு முதல் வரியைப் பார்த்து ஒரே வடிவத்தை முடிவு செய்வதால், முரண்பட்டால் பிழை காட்டுகிறது. எந்தப் பதிப்பாக இருந்தாலும் வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்; ஊகத்துக்கு விடாதீர்கள்.

நிதியாண்டைக் கண்டுபிடிக்கத் தனி லைப்ரரி தேட வேண்டாம். மாதம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த வருடம் தொடங்கியது, இல்லையென்றால் முந்தைய வருடம் தொடங்கியது. இரண்டு வரி வேலை.

ஜிஎஸ்டி பில்லுல ஒரு பைசா, ரெண்டு பைசா இடிக்குதுங்க. ஆடிட்டர் கேக்கறாரு.

தசமத்தை ஃப்ளோட் என்ற எண் வகையில் வைத்திருப்பீர்கள். ஃப்ளோட் இரண்டடிமானத்தில் சேமிப்பதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். ரவுண்ட் போட்டு 2.675-ஐ இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 2.68 வராது, 2.67தான் வரும். பணம் என்றால் டெசிமல்தான், அதில் பேச்சே இல்லை. டெசிமலுக்கு மதிப்பைக் கொடுக்கும்போது மேற்கோளுக்குள் எழுத்துச்சரமாகக் கொடுங்கள். ஃப்ளோட்டைக் கொடுத்தால் பழைய பிழையும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும்.

டெசிமலுக்கு மாறிய பிறகும் பைசா இடிக்கலாம். காரணம் ரவுண்டிங் முறை. ரூ. 1,046.60-க்கு 2.5 சதவீதம் சிஜிஎஸ்டி போட்டால் சரியாக 26.165. டெசிமலின் இயல்பான முறை இரட்டைப்படைப் பக்கம் சாய்வதால் 26.16 தரும். நம் கணக்குப்பிள்ளைகள் போடும் முறையில் பாதி என்றால் மேலே, அதாவது 26.17. எஸ்ஜிஎஸ்டியிலும் அதே பைசா விழுவதால் ஒரு வரியிலேயே 2 பைசா. டெசிமலின் குவான்டைஸ் செயற்கூற்றால் தசம இடத்தைக் குறைக்கும்போது ரவுண்ட்-ஹாஃப்-அப் என்று குறிப்பிட்டால் தீர்ந்தது. வரியை முழு ரூபாய்க்குக் கொண்டுவரும்போது 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய் என்று சிஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவும் இதே திசையில்தான் சொல்கிறது. எந்தக் கட்டத்தில் ரவுண்ட் செய்வது, வரிக்கு வரியா, கடைசி மொத்தத்திலா என்பதை ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அது லைப்ரரி சொல்ல வேண்டிய விஷயம் கிடையாது.

1,234,567-னு வர்றதை 12,34,567-னு போடணும். நாமளே எழுதணுமுங்களா?

வேண்டாம். பேபல் இருக்கிறது. வட்டார அடையாளமாக இந்தியத் தமிழைக் கொடுத்தால் லட்சம், கோடி வழக்கப்படி காற்புள்ளி போட்டு, மாதப் பெயரையும் தமிழில் தரும். தொகையை எழுத்தால் எழுத, ஆங்கிலத்துக்கு நம்2வேர்ட்ஸ் லைப்ரரியின் இந்திய வடிவம் லட்சக் கணக்கில் தரும். தமிழுக்கு ஓப்பன்-தமிழின் எண் பகுதி.

'கொங்கு' மூணு எழுத்துதானுங்களே? லென் போட்டா ஆறுன்னு வருது.

நீளம் சொல்லும் லென் செயற்கூற்றில் பைத்தான் எண்ணுவது நம் எழுத்தை அன்று, யூனிகோடு குறிகளை. க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு. நாம் எண்ணும் கொ, ங், கு என்ற மூன்று வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழில் கெட்-லெட்டர்ஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்த லைப்ரரி இது. தமிழில் எழுதும் எந்தப் புரோகிராமருக்கும் முதலில் இதைத்தான் சிபாரிசு செய்வேன். இதற்கு மாற்றாக, உரையில் வடிவங்களைத் தேடும் ரெஜெக்ஸ் லைப்ரரியில் எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் பெரிய எக்ஸ் குறி உண்டு. ஆனால் அது க்ஷ-வை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். ஓப்பன்-தமிழ் அதை ஒன்றாக வைத்துக்கொள்ளும்.

எல்லா இடத்திலும் எழுத்தையே எண்ண வேண்டும் என்றும் இல்லை. கஸ்டமருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும்போது ஒரு செய்திக்கு 70 என்ற வரம்பு யூனிகோடு குறிக் கணக்கில்தான். அங்கே லென் சொல்லும் ஆறுதான் சரியான விடை. டேட்டாபேஸ் சில இடங்களில் பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் அங்கே 'கொங்கு' 18. யார் எண்ணுகிறார்கள், எதற்காக எண்ணுகிறார்கள் என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ரெண்டு பெயரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்குது. ஆனா சமம் இல்லைங்குது. கம்ப்யூட்டர்ல கோளாறுங்களா?

கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் 'கொ'தான். ஆனால் இரண்டாவது முறையில் 'கொங்கு' ஏழு குறி. வேறு வேறு கீபோர்டு, பழைய கன்வர்ட்டர் என்று பல வழியில் வந்த தரவில் இது கலந்தே கிடக்கும். யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். உள்ளே போனபின் தேடித் தேடிச் சரி செய்வது பெரும்பாடு.

நார்மலைஸ் சரி செய்யாதவையும் உண்டு. இந்தப் பக்கம் கடை, மில் பெயர்களில் பாதி 'ஸ்ரீ' என்றுதான் தொடங்கும். அந்த ஸ்ரீ-யை 'ஸ' வைத்தும் எழுதலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், உள்ளே வேறு வேறு. அதேபோல் 'எ' என்ற எழுத்துக்குப் பதில் ஏழு என்ற தமிழ் எண் '௭', துணைக்காலுக்குப் பதில் 'ர', 'ஔ'-வுக்குப் பதில் 'ஒ'-வும் 'ள'-வும். இவற்றுக்குச் சொந்தமாக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'ர' விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். நல்ல 'ர'-வும் போய்விடும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல சொல்லைப் பிரிச்சா 'அம்மா'ங்கிறது துண்டு துண்டா வருதுங்க.

பைத்தானோடு வரும் ஆர்இ மாடியூலின் சொல் குறி, புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் சொல்லின் பகுதியாக ஏற்காது. அதனால் 'அம்மா' அங்கே 'அம', 'ம' என்று இரண்டாகிறது. மேலே சொன்ன ரெஜெக்ஸ் லைப்ரரியை அதற்குப் பதில் போடுங்கள். எழுதும் முறை ஏறக்குறைய அதேதான். இயந்திரக் கற்றலுக்கான சைக்கிட்-லேர்ன் லைப்ரரியை வைத்துத் தமிழ் உரையை வகைப்படுத்துபவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். அதன் சொல் எண்ணும் கருவி இயல்பாக இதே குறியைத்தான் பயன்படுத்துகிறது. சொல் பிரிக்கும் செயற்கூற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

பேரெல்லாம் அகர வரிசையில வரலைங்க. வனஜா முதல்ல வருது, வள்ளி அப்புறம் வருது.

யூனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ந'-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் வரிசையில் அது கடைசி மெய். பைத்தானின் வரிசைப்படுத்தும் சார்ட் செயற்கூறு அட்டவணை எண்ணைப் பார்ப்பதால் வனஜா முந்திக்கொள்கிறது. புள்ளியும் இப்படித்தான். அகராதி முறையில் 'கண்ணன்' முன், 'கணபதி' பின். சார்ட் தலைகீழாகத் தரும்.

மொழிவாரி வரிசை விதிகளைக் கொண்ட பைஐசியூ ஒரு வழி. லினக்ஸில் எளிதாக ஏறும், விண்டோஸில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். நூறு, இருநூறு தொழிலாளர் பெயரை வரிசைப்படுத்த எனக்குப் பிடித்த வழி வேறு: கெட்-லெட்டர்ஸ் கொண்டு எழுத்தாகப் பிரித்து, 18 மெய்யின் வரிசையையும் 12 உயிரின் வரிசையையும் பட்டியலாக வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் மெய் எண், உயிர் எண் என்ற இணையைக் கொடுத்துவிடுவது. புள்ளி எழுத்துக்கு உயிர் எண் 0. கிரந்த எழுத்துகள் கடைசியில். எந்த வழியில் போனாலும் வள்ளி, வனஜா, கண்ணன், கணபதி என்ற நான்கு பெயரை வைத்து முதலில் சோதித்துப் பாருங்கள்.

பழைய பாமினி, வானவில் ஃபைல் மூட்டை மூட்டையாக் கிடக்குது. யூனிகோடுக்கு மாத்த முடியுமுங்களா?

முடியும். ஓப்பன்-தமிழுக்குள்ளேயே டெக்ஸ்ட்2யூனிகோட் என்ற பகுதி இருக்கிறது. பாமினி, டிஸ்கி, டாப், டாம், வானவில் உட்படப் பல பழைய குறியாக்கங்களை அது மாற்றும். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய அச்சகக் கோப்புகள், கூட்டுறவுச் சங்கப் பட்டியல்கள் எல்லாம் பழைய எழுத்துருவில் இருப்பது அதனால் வியப்பில்லை.

கவனிக்க வேண்டியது, கலந்து கிடக்கும் ஆங்கிலம். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். கோப்பு முழுவதையும் மாற்றினால் ஆங்கிலப் பெயர்கள் பொருளற்ற தமிழாகிவிடும். வேர்டு கோப்பு என்றால் பைத்தான்-டாக்எக்ஸ் கொண்டு எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்து, பாமினித் துண்டை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை என்எஃப்சி-யில் ஒருமுறை போட்டு எடுங்கள். அப்புறம் சிஎஸ்வி-யாகச் சேமித்து எக்செல்லில் திறப்பதாக இருந்தால் குறியாக்கம் யூடிஎஃப்-8-சிக் என்று இருக்கட்டும். இல்லையென்றால் எக்செல்லில் தமிழுக்குப் பதில் கோணல் மாணலாக ஏதோ தெரியும்.

ஒரே பார்ட்டி பேரை நாலு விதமா டைப் பண்ணி வெச்சிருக்காங்க. எப்படிச் சேர்க்கிறது?

பழனிசாமி, பழனிச்சாமி, பழனிஸ்வாமி மூன்றும் ஒருவரா, மூவரா என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் முதலில் பெயரை விட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். 15 இலக்கம், முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. பைத்தான்-எஸ்டிடிநம் என்ற லைப்ரரியில் இந்திய ஜிஎஸ்டி எண்ணையும் பான் எண்ணையும் சரிபார்க்கும் பகுதி உண்டு. டைப் செய்யும்போதே தப்பான எண்ணைப் பிடித்துவிடும். இத்தனை உபயோகமான லைப்ரரி இவ்வளவு பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

எண் இல்லாத சின்னப் பார்ட்டிகளுக்கு ரேபிட்ஃபஸ். இரண்டு பெயர் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 100-க்கு மதிப்பெண் தரும். தமிழ்ப் பெயர் என்றால் என்எஃப்சி செய்து, எழுத்தாகப் பிரித்த பட்டியலைக் கொடுத்தால் மதிப்பெண் நம் கண்ணுக்கு நியாயமாக இருக்கும். எவ்வளவு மதிப்பெண் வந்தாலும் தானாகச் சேர்க்க விடாதீர்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே விலாசத்தில் தனித்தனிக் கணக்கு வைத்திருப்பது இங்கே சாதாரணம். பட்டியல் போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து, அவர் சரி என்றால் மட்டும் சேருங்கள்.

நூல் கவுன்ட்டை டெக்ஸுக்கு மாத்தறதுக்குக் கூட லைப்ரரி இருக்குதுங்களா?

இருக்கிறது. பின்ட் என்ற அலகு லைப்ரரியில் ஜவுளி அலகுகள் தனிப் பிரிவாகவே உள்ளன: டெக்ஸ், டெனியர், இங்கிலீஷ் கவுன்ட். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பது கவுன்ட். ஒரு கிலோமீட்டர் நூலின் எடை கிராமில் எத்தனை என்பது டெக்ஸ். ஒன்று எடைக்கு நீளம், மற்றது நீளத்துக்கு எடை என்பதால் சாதாரணப் பெருக்கலில் மாறாது, தலைகீழாக்க வேண்டும். பின்ட்டில் டெக்ஸ்டைல் என்ற சூழலைச் சொல்லி மாற்றச் சொன்னால் அதைத் தானே செய்துகொள்ளும். 30-ஆம் கவுன்ட் ஏறக்குறைய 19.68 டெக்ஸ், 40-ஆம் கவுன்ட் 14.76. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றால் 590.5-ஐ கவுன்ட்டால் வகுத்துவிட்டுப் போகலாம். நிட்டிங்கில் ஜிஎஸ்எம், லூப் லெங்த் என்று பல அலகுகள் ஒரே கணக்கில் கலக்கும்போதுதான் பின்ட்டின் அருமை தெரியும். பொருந்தாத அலகுகளைக் கூட்டப் போனால் அங்கேயே நிறுத்திவிடும்.

எலக்ட்ரானிக் தராசுல இருந்து எடையை நேரா எடுக்கணுங்ணா. சில நேரம் 250 கிலோ 50-ன்னு வருது.

பைசீரியல்தான் லைப்ரரி. பெரும்பாலான தராசுகள் எடையை ஓயாமல் வரி வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் போர்ட்டைத் திறக்கும் நொடியில் பாதி வரி போய்க்கொண்டிருந்தால் 250.50 என்பதில் முன்னால் இருந்த 2 தவறி 50.50 மட்டும் வரும். திறந்ததும் உள்ளே தேங்கியதைக் காலி செய்து, முதல் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து படியுங்கள். டைம்-அவுட் கட்டாயம் வையுங்கள். தராசு அணைந்திருந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.

மூட்டையை வைத்த கையோடு எடை ஆடும். தொடர்ந்து நாலைந்து வரி ஒரே எண் வந்தால் மட்டும் பதியுங்கள். தரவு அனுப்பும் வேகமான பாட் ரேட், பிழை சரிபார்ப்பான பாரிட்டி எல்லாம் தராசின் கையேட்டில் இருக்கும். பாட் ரேட்டை 9600-இல் தொடங்கிப் பாருங்கள். யூஎஸ்பி கன்வர்ட்டரை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் காம் போர்ட் எண் மாறக்கூடும் என்பதால் எண்ணைப் புரோகிராமுக்குள் புதைக்காமல் செட்டிங் கோப்பில் வையுங்கள்.

பிடிஎஃப்-ல 'கொ' போட்டா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாப் போகுது.

கொம்பை முன்னால் நகர்த்தி வைக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவ எஞ்சின். பல பிடிஎஃப் லைப்ரரிகள் குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். வெறும் ரிப்போர்ட்லேப் உதாரணங்களைப் பார்த்து எழுதினால் இந்தத் தொல்லை வரும். வீசிபிரின்ட் லைப்ரரி எச்டிஎம்எல் பக்கத்தை, ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் பாங்கோ வழியாக வடிப்பதால் தமிழ் ஒழுங்காக வரும். விண்டோஸில் பாங்கோவைத் தனியாக நிறுவ வேண்டும். அது வேண்டாமென்றால் எஃப்பிடிஎஃப்2-இல் டெக்ஸ்ட் ஷேப்பிங்கை இயக்கி, யூஹார்ஃப்பஸையும் நிறுவுங்கள்.

தெர்மல் பிரின்டரில் பில் என்றால், பெரும்பாலான மாடல்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. பில்லோ என்ற பட லைப்ரரியில் படமாக வரைந்து, பிரின்டருக்கு அனுப்பும் பைத்தான்-எஸ்க்பாஸ் வழியாக அனுப்புங்கள். பில்லோவில் எழுத்து வடிவத்துக்கான ராக்ம் வசதி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் கொம்பு அங்கேயும் இடம் மாறும்.

மில்லுல நெட் இல்லைங்க. சிஸ்டம் வேற விண்டோஸ் 7. லைப்ரரியை எப்படி ஏத்தறது?

நெட் உள்ள கம்ப்யூட்டரில் பிப் டவுன்லோடு கட்டளையால் லைப்ரரியையும் அது சார்ந்தவற்றையும் ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அங்கே இன்டெக்ஸ் வேண்டாம், இந்த ஃபோல்டரில் தேடு என்று பிப்-புக்குச் சொன்னால் போதும். இரண்டு கம்ப்யூட்டரிலும் பைத்தான் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி பைத்தான் 3.8. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. நெட்டே இல்லாத கம்ப்யூட்டர் என்றால் ஓட்டலாம். நெட் இணைப்புக் கொடுக்கப் போகிறார்கள் என்றால் முதலில் சிஸ்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

ஃப்ரீயாக் கிடைக்கிற லைப்ரரியை வெச்சு எழுதி விக்கலாமுங்களா?

லைசென்ஸைப் பொறுத்தது. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி என்றால் உரிமைக் குறிப்பைக் கூடவே வைத்துத் தாராளமாக விற்கலாம். ஓப்பன்பைஎக்செல், பாண்டாஸ், ரிக்வெஸ்ட்ஸ், ரேபிட்ஃபஸ், பின்ட் எல்லாம் இந்த வகை. ஜிபிஎல், ஏஜிபிஎல் என்றால் நீங்கள் விற்கும் மென்பொருளின் மூலநிரலையும் வாங்குபவருக்குத் தர வேண்டிய கடமை வரும். திரை வடிவமைக்கப் பைக்யூட்டி ஜிபிஎல் அல்லது கட்டண லைசென்ஸ். அதே வேலையைச் செய்யும் பைசைட் எல்ஜிபிஎல்-இலும் கிடைக்கிறது. பிடிஎஃப் படிக்கும் பைமூபிடிஎஃப் ஏஜிபிஎல் அல்லது கட்டணம். பேரம் பேசும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

எழுதுனவரு திடீர்னு தூக்கிட்டா என்னங்க பண்றது? வைரஸ் இருந்தா?

இரண்டும் நடந்தவைதான். 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி லைப்ரரியை எழுதியவர் நீக்கிவிட, உலகம் முழுக்கப் பல புரோஜெக்ட்கள் பில்டு ஆகாமல் நின்றன. 2021 டிசம்பரில் ஜாவாவில் லாக் எழுதும் லாக்4ஜே லைப்ரரியில் வந்த பாதுகாப்பு ஓட்டை பெரிய நிறுவனங்களையும் இரவு பகலாக விழிக்க வைத்தது.

நம் அளவில் செய்யக்கூடியவை: பதிப்பு எண்ணைப் பூட்டி எழுதுங்கள். நெட் இல்லாத மில்லுக்கு இறக்கிய ஃபோல்டரை அழிக்காமல் வைத்திருங்கள். பைபிஐ-யில் நீக்கினாலும் உங்கள் கையில் இருக்கும். பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் செய்யுங்கள், ஏனென்றால் பிரபலமான பெயரைப் போலவே இருக்கும் திருட்டு லைப்ரரிகளை அங்கே ஏற்றி வைக்கிறார்கள். பத்து வரியில் முடியும் வேலைக்கு வெளி லைப்ரரியே வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதறவங்களுக்கு என்னங்க சொல்வீங்க?

பொது உதவிச் செயற்கூறுகள் கொண்ட லோடாஷ் லைப்ரரி செய்த பல வேலைகளை இப்போது மொழியே செய்கிறது. தேதிக்கான மொமென்ட் லைப்ரரியைப் புதிய வேலைக்கு எடுக்காதீர்கள். அதை உருவாக்கியவர்களே 2020-இல் பராமரிப்பு மட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். பிரவுசரிலேயே உள்ள இன்ட்ல் பகுதி லட்சக் காற்புள்ளி, தமிழ் மாதப் பெயர், எழுத்துப் பிரிப்பு, வரிசைப்படுத்தல் நான்கையும் தரும். பேபலுக்கும் வரிசைக்கும் மேலே சொன்னதெல்லாம் இங்கே கூடுதலாக எதையும் நிறுவாமலே கிடைக்கிறது.

கஸ்டமர் தமிழ்ல அனுப்பற மெசேஜைப் புரிஞ்சுக்கிற லைப்ரரி இருக்குதுங்களா?

எழுத்துத் தமிழுக்கு ஓரளவு உண்டு. ஸ்னோபாலில் தமிழ் அடிச்சொல் பிரிப்பான் இருக்கிறது. ஸ்டான்சாவில் இலக்கணக் கூறு பிரிக்கும் தமிழ் மாடல் இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கத்தைப் படிக்க டெசராக்ட். ஆனால் 'லோடு வந்துருச்சுங்களா', 'நாளைக்கு அனுப்பிப் போடறனுங்' என்று வரும் நம் பேச்சுக்கு இவை பழக்கப்பட்டவை இல்லை. நீங்களே ஒரு நூறு மெசேஜைச் சேர்த்து வைத்துச் சோதித்தபின் முடிவெடுங்கள். ஆர்டர் எண்ணும் அளவும் மட்டும் வேண்டுமென்றால், ரெஜெக்ஸ் வைத்து அந்த இரண்டை மட்டும் பொறுக்கி எடுப்பது நம்பகமானது.

நம்ம பக்கத்துக்குன்னு நாமளே ஒரு லைப்ரரி எழுதி வெளியிடலாமுங்களா?

கட்டாயம் செய்யுங்கள். ஸ்ரீ, ஔ, ௭ மாற்றுப் பட்டியலும், மெய் வரிசைச் செயற்கூறும், கோவை, கோயம்புத்தூர், கோயமுத்தூர் போன்ற ஊர்ப் பெயர் வடிவங்களும் இன்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ஓப்பன்-தமிழில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பொருந்துமென்றால் அங்கேயே பங்களிப்பது மேல். தனியாக வெளியிட்டால் எம்ஐடி லைசென்ஸ் போடுங்கள், விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள். வள்ளி, வனஜா போன்ற சோதனைகளைக் கூடவே வையுங்கள். சோதனைத் தரவில் உண்மையான பார்ட்டி பெயரோ, ஜிஎஸ்டி எண்ணோ, போன் நம்பரோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஏற்றும் முன் இன்னொருவரிடம் கொடுத்து அதை மட்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.